அர்பத்நாட் திவாலும் கடல்கடந்த சொத்துகளும்

ஒருவர் திவாலாகிவிட்டால் வேறொரு நாட்டில் அவர் பெயரில் இருக்கும் வீடு, நிலம், வங்கிப் பணம், வரவேண்டிய பாக்கி ஆகியவை யாரைச் சேரும் என்பது வணிகம் கடல் தாண்டிய காலத்திலிருந்தே நீதிமன்றங்களின் முன் நின்ற கேள்வி. தமிழ்நாட்டில் இக்கேள்வி பெரிய அளவில் எழுந்தது 1906 அக்டோபர் 22 அன்று மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியபோது. அதன் கூட்டாளிகள் லண்டனிலும் திவாலானார்கள், மெட்ராஸிலும் திவாலானார்கள். கடன்காரர்கள் ஒரே ஆட்களைத்தான் துரத்தினார்கள். ஆனால் சொத்து இரண்டு நாடுகளில் கிடந்தது. அதைக் கையில் எடுக்க இரண்டு அதிகாரிகள் இருந்தனர். அந்த முடிச்சு அவிழ்க்கப்பட்ட விதம் உலகின் பல நாடுகளின் திவால் சட்ட நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

சொல்வழக்கு

தமிழில் கடனைத் திருப்பிக் கட்ட முடியாத நிலையைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. நொடித்துப்போதல் என்பது பழையது. திவால் என்பது இந்துஸ்தானி வழியாக வந்து நிலைத்தது. நீதிமன்றத்தில் மனுப் போடுவதை 'ஐ.பி. கொடுத்துவிட்டார்' என்றும் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்றும் மக்கள் சொல்வர். பேச்சில் இச்சொற்களுக்கு ஏளனத் தொனி உண்டு. கடனை ஏமாற்றியவர் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டத்தின் பார்வை வேறு. கடனாளியின் சொத்து முழுவதையும் ஒரு பொது அதிகாரியிடம் ஒப்படைத்து, கடன் கொடுத்த எல்லோருக்கும் அவரவர் தொகைக்கு ஏற்பப் பங்கிட்டுக் கொடுத்து, பிறகு கடனாளியை விடுவிப்பதே திவால் நடைமுறை. முந்திக்கொண்டவருக்கு முழுப் பணம், பிந்தியவருக்கு ஒன்றுமில்லை என்ற நிலையைத் தவிர்ப்பதே அதன் உயிர்நாடி.

அந்தப் பொது அதிகாரிக்கு சென்னை, மும்பை, கல்கத்தா ஆகிய மூன்று மாநகரங்களில் 'அபிஷியல் அசைனி' என்று பெயர். சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்பதவி இன்றும் உள்ளது. ஆங்கிலேயச் சட்டத்தில் இதே வேலையைச் செய்பவர் டிரஸ்டி எனப்படுவார்.

ஆம்ஸ்டர்டாமும் செயின்ட் கிட்ஸும்

அர்பத்நாட் வழக்குக்கு முன்பே ஆங்கிலேய நீதிமன்றங்கள் இதில் சில அடிப்படைகளை வகுத்திருந்தன. 1763-ல் ஆம்ஸ்டர்டாமில் டி நெஃப்வில் என்ற பெரிய வணிக நிறுவனம் விழுந்தது. ஐரோப்பாவின் பல நகரங்களை உலுக்கிய வீழ்ச்சி அது. அந்நகரில் நொடித்தவர்களின் சொத்தை நிர்வகிக்கத் தனியாக ஓர் அவை இருந்தது. அதன் பெயரைத் தமிழாக்கினால் 'பாழ்பட்ட சொத்துகளின் மன்றம்' என்று வரும். அந்த அவை நியமித்த நிர்வாகிகள், லண்டனிலிருந்து டி நெஃப்வில்லுக்கு வரவேண்டிய பாக்கியைத் தங்களிடம் தரும்படி கேட்டனர். அதற்கு முன்பே இங்கிலாந்துக் கடன்காரர் ஒருவர் லண்டன் நகர நீதிமன்றத்தில் அப்பணத்தை ஜப்தி செய்திருந்தார். 1764-ல் வந்த தீர்ப்பு டச்சு நிர்வாகிகளுக்குச் சாதகமாக அமைந்தது. அசையும் சொத்து அதன் உரிமையாளரின் குடியிருப்பைப் பின்தொடரும், ஆகவே அவர் ஊரில் நடந்த திவால் லண்டனில் உள்ள பணத்தையும் தொடும் என்பது அதிலிருந்து வளர்ந்த கொள்கை.

எதிர்த் திசையிலும் இதே விதி பொருந்தியது. இங்கிலாந்தில் திவாலான ஒருவருக்கு மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள செயின்ட் கிட்ஸிலிருந்து பணம் வரவேண்டியிருந்தது. லங்காஸ்டரைச் சேர்ந்த கடன்காரர் ஒருவர் அத்தீவில் வழக்குப் போட்டு அதைப் பிடித்துக்கொண்டார். 1791-ல் இங்கிலாந்து நீதிமன்றம் அதைப் பொதுக் கணக்குக்குத் திருப்பித் தரச் சொன்னது. உள்ளூரில் இருந்துகொண்டு, உள்ளூர்த் திவாலை அறிந்த பிறகு, வெளிநாட்டில் போய் முந்திக்கொள்வதை ஏற்க முடியாது என்பது காரணம்.

நிலத்தின் கதை வேறு. நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே அதன் உரிமையைத் தீர்மானிக்கும் என்பதில் பெரும்பாலான நாடுகள் பிடிவாதமாக இருந்தன, இருக்கின்றன. ஒரு நாட்டின் திவால் உத்தரவு இன்னொரு நாட்டின் வயலையோ வீட்டையோ தானாகக் கைமாற்றாது. பணப்பை மனிதனோடு நடக்கும், வயல் நடக்காது என்ற எளிய உண்மையில் இவ்வேறுபாடு வேர்கொண்டிருக்கிறது. எனினும் இதற்குப் பேரரசு ஒரு விதிவிலக்கு வைத்திருந்தது. லாகோஸில் இருந்த நிலம் ஒன்று பற்றிய வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் 1891-ல் சொன்ன தீர்ப்பு இது: பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய 1869-ஆம் ஆண்டுத் திவால் சட்டம் பேரரசு முழுவதற்கும் பொருந்தும், எனவே இங்கிலாந்தில் திவாலானவரின் லாகோஸ் நிலமும் இங்கிலாந்து டிரஸ்டியைச் சேரும், பதிவு முதலிய உள்ளூர் நடைமுறைகளை மட்டும் அவர் அங்கே நிறைவேற்ற வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நிலத்தின் உரிமை லண்டனில் போடப்பட்ட ஒரு கையெழுத்தில் மாறியது. காலனியின் நீதிமன்றம் போட்ட உத்தரவுக்கு லண்டன் நிலத்தின்மீது அதே பலம் இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

1906 அக்டோபர்

பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்றும் மெட்ராஸின் பெரும் ஆங்கிலேய வணிக நிறுவனங்கள். அர்பத்நாட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேர்விட்டு, வணிகத்தோடு வங்கித் தொழிலும் செய்தது. அரசு வேலையில் இருந்தவர்கள், ஓய்வூதியர்கள், கைம்பெண்கள், அறக்கட்டளைகள் எனப் பலரும் அதில் பணம் போட்டிருந்தனர். வெள்ளைக்காரன் கம்பெனி, சர் பட்டம் பெற்றவர் தலைமை, நல்ல வட்டி என்பவற்றுக்கு மேல் அவர்கள் ஆராயவில்லை. ஆராயும் வழியும் அன்று இல்லை. நிறுவனம் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்ட பங்கு நிறுவனமல்ல, சில தனிமனிதர்களின் கூட்டு.

சர் ஜார்ஜ் அர்பத்நாட் மெட்ராஸில் இருந்தார். பேட்ரிக் மெக்ஃபேடியன் லண்டனிலிருந்து தொழிலை நடத்தினார். லண்டன் கிளைக்குப் பெயர் பி. மெக்ஃபேடியன் கம்பெனி. பெயர் வேறானாலும் கூட்டாளிகள் அதே ஆட்கள். மெட்ராஸில் சேர்ந்த வைப்புப் பணம் லண்டன் வழியாகப் பல ஊக வணிகங்களில் இறங்கியிருந்தது. அவை கைகொடுக்கவில்லை. 1906 அக்டோபர் 20 அன்று மெக்ஃபேடியன் லண்டனில் ரயில் முன் பாய்ந்து உயிர்விட்டார். இரண்டு நாட்களில் மெட்ராஸ் அலுவலகம் பணம் கொடுப்பதை நிறுத்தியது. இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் மேலான கடன், ஆயிரக்கணக்கான கடன்காரர்கள். அன்றைய ரூபாயின் மதிப்பை நினைத்தால்தான் அதன் கனம் புரியும்.

கூட்டு நிறுவனத்தில் கூட்டாளிகளின் பொறுப்புக்கு எல்லை கிடையாது. தொழிலில் போட்ட முதல் போனால் போகட்டும் என்று ஒதுங்க முடியாது. வீடு, நகை, பங்கு, பரம்பரைச் சொத்து எல்லாம் கடனுக்கு ஈடு. ஆகவே அர்பத்நாட் வீழ்ச்சி வெறும் நிறுவன வீழ்ச்சியாக நிற்காமல் தனிமனிதர்களின் திவாலாகவும் ஆனது. மெட்ராஸில் அப்போது நடைமுறையில் இருந்தது 1848-ஆம் ஆண்டின் இந்தியத் திவால் சட்டம். அதன்படி சொத்துகள் மெட்ராஸ் அபிஷியல் அசைனியிடம் போயின. லண்டனில் 1883-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு டிரஸ்டி அமர்ந்தார்.

சர் ஜார்ஜ் மீது மெட்ராஸில் குற்ற வழக்கும் நடந்தது. பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அக்காலத்தில் அத்தகைய நிலையில் இருந்த ஓர் ஆங்கிலேயருக்கு இந்தியாவில் இது மிக அரிது. ஆனால் வைப்புதாரர்களுக்குச் சிறைத் தண்டனையால் சோறு கிடைக்காது. அவர்களுடைய கேள்வி சொத்து எங்கே என்பதுதான்.

ஒரே கடனாளி, இரண்டு கணக்குகள்

சட்டம் அப்படியே தன் போக்கில் விடப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்க்கலாம். லண்டன் டிரஸ்டி, பேரரசு முழுவதும் உள்ள சொத்து தன்னுடையது என்று கோரியிருப்பார். மெட்ராஸ் அசைனி, தன் எல்லைக்குள் இருப்பதை விடமாட்டேன் என்றிருப்பார். ஒரு ரூபாய்க் கடனுக்கு லண்டன் கடன்காரருக்கு ஒரு விகிதமும் மெட்ராஸ் கடன்காரருக்கு வேறொரு விகிதமும் கிடைத்திருக்கும். மெட்ராஸில் சேர்ந்த பணம் எந்த ஊரில் போய்த் தங்கியதோ, அந்த ஊரின் கடன்காரர்களுக்கு அது யோகமாக முடிந்திருக்கும்.

இதே மாதிரியான சூழல் 1880-ல் பிரபுக்கள் அவையின் முன் வந்திருந்தது. லண்டனிலும் போர்ச்சுகல் நாட்டின் ஓப்போர்ட்டோவிலும் கடை நடத்திய கூட்டாளிகள் இரண்டு இடத்திலும் திவாலாயினர். போர்ச்சுகல் வங்கி ஒன்று அங்கே தன் பங்கை வாங்கிக்கொண்டு லண்டனிலும் கைநீட்டியது. அங்கே வாங்கியதை இங்கே கணக்கில் சேர்த்துக் கழித்துவிட்டு, மற்றவர்களுக்குச் சமமாக ஆன பிறகே மேற்கொண்டு பங்கு என்று தீர்ப்பாயிற்று. ஒரே பந்தியில் இரண்டு இலை போட்டுக்கொள்ளாதபடி தடுக்கும் விதி அது. ஆனால் அந்த விதி கைநீட்டியவரை மட்டுமே கட்டுப்படுத்தும். இரண்டு சொத்துத் தொகுதிகளையும் அது ஒன்றாக்காது.

மெட்ராஸ் அசைனியும் லண்டன் டிரஸ்டியும் செய்தது அதைவிட ஒரு படி மேலானது. அவரவர் எல்லையில் உள்ள சொத்தை அவரவரே விற்றுப் பணமாக்குவது; அந்தப் பணத்தை ஒரே தொகுதியாகக் கருதுவது; இரு ஊர்க் கடன்காரர்களுக்கும் ஒரே விகிதத்தில் ஈவு கிடைக்கும்படி பங்கிடுவது என்று இருவரும் ஒப்பந்தம் போட்டார்கள். இதற்கு எந்தச் சட்டப் பிரிவிலும் நேரடி அனுமதி எழுதப்பட்டிருக்கவில்லை. பேரரசின் திவால் நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்க வேண்டும் என்று 1883 சட்டம் பொதுவாகச் சொல்லியிருந்ததே அவர்களுக்கு இருந்த ஊன்றுகோல்.

எதிர்ப்பு லண்டனில் கிளம்பியது. எதிர்த்த கடன்காரர் விஜயநகரம் கம்பெனி லிமிடெட். பெயரில் ஆந்திர ஊர் இருந்தாலும் அது வழக்காடியது லண்டன் கணக்கின் கடன்காரர் என்ற முறையில். டிரஸ்டிக்கு இப்படி ஒப்பந்தம் செய்துகொள்ள அதிகாரமே இல்லை என்பது அதன் வாதம். வழக்கைக் கேட்ட நீதிபதி பிகாம் அதை ஏற்கவில்லை. வணிக அறிவுக்குப் பொருந்துகிற, சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நன்மை தருகிற ஏற்பாடு இது என்று கூறி ஒப்பந்தத்தை உறுதிசெய்தார். தீர்ப்பு 1908-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்தது. இந்த பிகாம்தான் பின்னாளில் மெர்சி பிரபுவாகி, 1912-ல் டைட்டானிக் மூழ்கியது பற்றிய பிரிட்டிஷ் விசாரணைக்குத் தலைமை வகித்தவர். மூழ்கியவற்றின் கணக்கெடுப்பு அவருக்குப் பழக்கமாகியிருந்தது போலும்.

இரண்டு நாட்டுத் திவால் அதிகாரிகள் தங்களுக்குள் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறை இப்போது பன்னாட்டு நிறுவன வீழ்ச்சிகளில் சாதாரணமாகிவிட்டது. அதற்கு மிகப் பழைய முன்னோடிகளில் ஒன்றாகக் காட்டப்படுவது இந்த மெட்ராஸ் - லண்டன் ஏற்பாடு. மெட்ராஸில் அர்பத்நாட் கதையைச் சொல்பவர்கள் மோசடியையும் சிறையையும் சொல்வார்கள்; இந்த ஒப்பந்தத்தைச் சொல்பவர்கள் குறைவு. மெட்ராஸ் வைப்புதாரர் லண்டன் கடன்காரருக்குச் சமமான இடத்தில் நின்றது இந்தக் காகிதத்தால்தான்.

வீழ்ச்சியின் இன்னொரு விளைவு எல்லோரும் அறிந்தது. கடன்காரர்களின் தரப்பில் திவால் வழக்கை நடத்திய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர், நம்மவர் பணத்துக்கு நம்மவர் வங்கி வேண்டும் என்று முனைந்தார். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஆதரவோடு இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15 அன்று தொழிலைத் தொடங்கியது. 1848-ஆம் ஆண்டுப் பழைய சட்டமும் விரைவில் மாற்றப்பட்டது. 1909-ல் மாகாணத் தலைநகரங்களுக்கான திவால் சட்டம் வந்தது. திவாலானவரின் சொத்து எங்கே இருந்தாலும் அபிஷியல் அசைனியைச் சேரும் என்று அச்சட்டத்தின் 17-ஆவது பிரிவு கூறுகிறது.

ரங்கூன் கடை

1909 சட்டம் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் ஆகிய நகரங்களோடு ரங்கூனுக்கும் சேர்த்தே இயற்றப்பட்டது. பர்மா அன்று இந்தியாவின் ஒரு மாகாணம். செட்டிநாட்டாருக்கு இது சாதாரண விஷயமல்ல. முதலாளியின் வீடு காரைக்குடிப் பக்கம் இருக்கும். கடை ரங்கூனிலோ ஐராவதி ஆற்று முகத்துவார ஊர்களிலோ நடக்கும். மூன்றாண்டுத் தவணையில் பவர் பத்திரத்தோடு அனுப்பப்பட்ட ஏஜெண்டு கொடுக்கல் வாங்கலைப் பார்ப்பார். 1930-களின் நெல் விலை வீழ்ச்சியில் பர்மிய விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை விட்டுக்கொடுத்தனர். கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1938-ல் அது 25 விழுக்காடு. கையில் ரொக்கமாக இருக்க வேண்டியது வயலாக மாறிப்போனது. கடன் கொடுத்தவருக்கே கடன் இருந்தது. வங்கிகளுக்கும் சக கடைகளுக்கும் அவர் கட்டவேண்டியிருந்தது.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதுவரை ஒரே சட்டத்தின் கீழ் இருந்த ரங்கூன் வயலும் மெட்ராஸ் அசைனியும் அன்றோடு இரண்டு நாட்டுக்கு உரியவர்களானார்கள். பர்மாவில் அதே சட்டம் 'ரங்கூன் திவால் சட்டம்' என்ற பெயரில் தொடர்ந்தது. சொற்கள் மாறவில்லை. 'எங்கே இருந்தாலும்' என்ற சொற்றொடரும் இரண்டு புத்தகத்திலும் அப்படியே இருந்தது. மாறியது, அச்சொற்றொடருக்குக் கீழ்ப்படிய வேண்டிய பதிவு அலுவலகமும் அமீனாவும். 1942-ல் ஜப்பானியர் வந்தனர். 1948-ல் பர்மா விடுதலை பெற்று நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. அதற்குப் பிறகு அந்த வயல்கள் எந்த அசைனியின் பட்டியலிலும் வெறும் எழுத்துதான்.

இந்தியாவுக்குள்ளேயும் இத்தகைய எல்லைச் சிக்கல் இருந்தது. நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்துக்கு உட்பட்ட செகந்திராபாத், பிரிட்டிஷ் இந்தியாவுக்குச் சட்டப்படி அந்நிய மண். அங்கே திவாலானவரின் பணத்தை, அதற்கு முன்பே பிரிட்டிஷ் இந்தியாவில் ஜப்தி செய்திருந்த கடன்காரரிடமிருந்து பிடுங்க முடியாது என்று பிரிவி கவுன்சில் 1933-ல் தீர்த்தது. அந்நிய நாட்டு ரிசீவர் வருவதற்குள் உள்ளூரில் விழுந்த ஜப்தி நிற்கும் என்பது, 1910-ல் ஸ்காட்லாந்துத் திவால் ஒன்றில் பிரபுக்கள் அவை சொன்ன விதியின் தொடர்ச்சி. 1764-ல் ஆம்ஸ்டர்டாம் நிர்வாகிகளுக்குக் காட்டிய தாராளம் இதில் இல்லை.

கையெழுத்து வாங்கும் வழி

வெளிநாட்டு நிலத்தை நேரடியாக எடுக்க முடியாதபோது, உள்ளூர் நீதிமன்றத்தின் கையில் மிஞ்சுவது கடனாளியின் உடம்பு. அவர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறார். எல்லாச் சொத்தையும் அறிவிக்கவும், பவர் பத்திரமும் கிரயப் பத்திரமும் எழுதிக் கொடுக்கவும், சொத்தை விற்க அசைனிக்கு உதவவும் அவர் கடமைப்பட்டவர் என்று 1909 சட்டத்தின் 33-ஆவது பிரிவு விதிக்கிறது. மறுத்தால் நீதிமன்ற அவமதிப்பு. கடனிலிருந்து விடுதலை கிடைப்பதும் தள்ளிப்போகும். ஆக, ரங்கூன் நிலத்தை மெட்ராஸ் நீதிமன்றத்தால் விற்க முடியாது, ஆனால் அந்நிலத்தின் சொந்தக்காரரைக் கையெழுத்துப் போடவைக்க முடியும். நேர்மையான கடனாளியிடம் இது வேலை செய்யும். கப்பலேறிவிட்டவரிடம் செய்யாது.

விடுதலைக்கும் எல்லை உண்டு. ஒரு நாட்டில் திவால் விடுதலை பெற்றவர், வேறு நாட்டுச் சட்டப்படி எழுதிக்கொடுத்த கடனிலிருந்து தானாக விடுபட மாட்டார் என்று 1890-ல் இங்கிலாந்து நீதிமன்றம், பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் வழக்கில் சொன்னது. இங்கே தலை நிமிர்ந்து நடப்பவர், அங்கே இறங்கினால் பழைய கடனோடு நிற்க நேரிடலாம்.

பேரரசு போன பிறகு பக்கத்து நாடுகள் சில தமக்குள் கதவைத் திறந்துவைத்தன. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒன்றின் திவால் அதிகாரியை மற்றது ஏற்கும்படி தத்தம் சட்டங்களில் பிரிவு வைத்துக்கொண்டன. ஜொகூரில் வீடும் சிங்கப்பூரில் தொழிலும் உள்ளவர்கள் நிறைந்த இடத்தில் அது இல்லாமல் தீராது. இந்தியாவுக்கும் மியான்மாருக்கும் இடையே அப்படி எதுவும் உருவாகவில்லை.

1997-ல் ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம், எல்லை தாண்டிய திவால்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. வெளிநாட்டு நிர்வாகியை ஏற்பதும், நீதிமன்றங்கள் நேரடியாகப் பேசிக்கொள்வதும் அதில் எழுத்தாக வந்தன. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுத் திவால் நொடிப்புத் தொகுப்புச் சட்டம், சொத்து என்ற சொல்லில் இந்தியாவுக்கு வெளியே உள்ளதையும் சேர்த்தே வரையறுத்தது. பிற நாடுகளோடு உடன்படிக்கை செய்துகொள்ளவும், அந்நாட்டு நீதிமன்றங்களுக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பவும் அதில் 234, 235 ஆகிய இரு பிரிவுகள் வைக்கப்பட்டன. ஆனால் தனிமனிதர் திவால் பற்றிய பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் அளித்தவர்களுக்கு மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. மற்றவர்களுக்குச் சென்னையில் அர்பத்நாட் வீழ்ச்சிக்குப் பின் வந்த அதே 1909 சட்டமும், மாவட்டங்களில் 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் நீடித்தன.

மியான்மார் 2020-ல் புதிய திவால் சட்டம் இயற்றி, ஐ.நா. மாதிரிச் சட்டத்தையும் அதில் ஏற்றுக்கொண்டது. அதே சட்டத்தின் வழியாக, ரங்கூன் கடைகளின் காலத்திலிருந்து அங்கே இருந்துவந்த 1909-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது.